கப்பலில் வந்த பாட்டனார்

இமானுவேல் முதல் தடவை எங்கள் தெருவுக்கு வந்தபோதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. தொண்டியிலிருந்து தெற்கே கடலோரமாக இரண்டு கிலோமீட்டர் வந்தால் எங்கள் தெரு. ஏழு வீடு, ஒரு சின்னப் பள்ளிவாசல், ஒரு கிணறு, அவ்வளவுதான். இங்கே யாரும் சும்மா வருவதில்லை. ஏதாவது விற்க வருவார்கள், இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வருவார்கள். இந்த மனிதர் பழைய ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "உலகம் எப்படி உண்டாச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவுக என்ன சொல்லுவாக?" என்று கேட்டார். அதைக் கேட்பதற்காக ராமநாதபுரத்திலிருந்து வெயிலில் வருகிறவரை என்னவென்று நினைப்பது?

என் பெயர் ஜாபர் சாதிக். ஜுபைலில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சீல் உடையாத பெட்டியையும் பிரித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். லாரி டிரைவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ஷக்'. அரபியில் சந்தேகம் என்று அர்த்தம். ஊருக்குத் திரும்பி ஆறு வருஷம் ஆகியும் அந்தக் குணம் போகவில்லை. போகட்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

தான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார் இமானுவேல். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். கோபப்படாமல் காட்டினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நீளமான நோட்டை எடுத்தார். பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

"பாருங்க பாய். பைபிள்ல மொதல்ல இருட்டும் தண்ணியும். உங்க குர்ஆன்லயும் இறைவனோட சிம்மாசனம், அந்த அர்ஷு, தண்ணி மேல இருந்துச்சுன்னு வருது. புராணத்துல பிரளயத் தண்ணி, அது மேல ஒரு ஆலெலை. பாபிலோன்காரன் என்ன சொல்றான்னா, உப்புத் தண்ணி ஒருத்தி, நல்ல தண்ணி ஒருத்தன், ரெண்டும் கலந்துதேன் சாமிகளே பொறந்துச்சுங்கிறான். எல்லாரும் தண்ணியிலதேன் ஆரம்பிக்கிறாக."

"அதுக்கு?"

"அடியில ஏதோ நடந்திருக்கும்ல. ஒண்ணுமே நடக்காம ஒரே கதை இத்தனை ஊர்ல மொளைக்குமா?"

"படைச்சவன் ஒருத்தன். அதனால கதையும் ஒண்ணு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது.

அவர் தன் வழிமுறையையும் சொன்னார். ஒரு ஸ்டேஷன் மட்டும் பாதை சரி என்று சொன்னால் வண்டியை விட முடியாதாம். அடுத்த ஸ்டேஷனும் சொல்ல வேண்டுமாம். "கதையும் அப்படித்தேன் பாய். ஒருத்தர் சொன்னா அது வெறும் கதை. ஒருத்தருக்கொருத்தர் ஆகாத ரெண்டு பேரு ஒரே விஷயத்தச் சொன்னா, அங்கன ஏதோ நடந்திருக்கு." இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை நான் ஜுபைலில் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஏதாவது ஒரு காகிதத்தை நீட்டுவார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பூமயில் வந்து சேர்ந்தாள். நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரி, அறுபது வயதிருக்கும். முண்டு மிளகாய் வத்தல் மூட்டையோடு பஸ்ஸில் வந்து எங்கள் ஏழு வீட்டுக்கும் போட்டுவிட்டுப் போவாள். நாற்பது வருஷப் பழக்கம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். பாட்டிலில் கொண்டுவருவாள். நம் வீட்டுத் தண்ணீரில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதாம் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். வாய்விட்டுக் கேட்டதில்லை.

இமானுவேல் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் மூட்டையை இறக்கிவிட்டு, "உலகம் உண்டாகுறதுக்கு முந்தியே உத்தரகோசமங்கை கோயில் இருந்துச்சு. அப்புறமேட்டுத்தேன் மண்ணு" என்றாள், ஏதோ நேற்றுப் போய்ப் பார்த்து வந்தவளைப் போல. இமானுவேல் முகம் மலர்ந்து எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முத மனுசன் ஆதம் நபி சரந்தீவுல, அதான் இலங்கையில எறங்கி, ஆதம் பாலத்து வழியா இங்கனதேன் வந்தாக. அவுக மக்க ஹாபில், காபில் ரெண்டு பேரு அடங்குன கபரும் ராமேஸ்வரத்துல இருக்கு. போய்ப் பாருங்க" என்றேன்.

"பாத்திருக்கேன். ரெண்டும் எம்புட்டு நீளம்" என்றார் அவர். "கொன்னவனும் செத்தவனும் பக்கத்துல பக்கத்துல. சரி பாய், ஆதம் நபி வந்தாக. உங்க குடும்பம் எப்ப வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் கீழக்கரையிலிருந்து என் மகள் அம்ரீனைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா சுஐபு காக்கா, பெரிய குடும்பத்து மனிதர், பிரியாணியில் கை வைப்பதற்கு முன்னாலேயே, "நீங்க எந்த வழி?" என்று கேட்டார். அவர்கள் வழி அரபு வழியாம். நான் விடுவேனா? பல தலைமுறைக்கு முந்தைய எங்கள் பாட்டனாரும் ஏமனிலிருந்து பாய்மரக் கப்பலில் ஏழு பேரோடு வந்தவர், நங்கூரம் போட்ட இடத்தில் நல்ல தண்ணீர் ஊறவே கிணறு வெட்டி அங்கேயே தங்கிவிட்டார் என்றேன். சுஐபு காக்கா தலையை ஆட்டியபடி இரண்டாம் தடவை சோறு வாங்கினார். சம்பந்தம் முடிவானது.

கப்பல் என்பது என் வாப்பா சொன்னது. ஏமனும் ஏழு பேரும் நங்கூரமும் நான் சேர்த்தவை. கப்பலை யார் சேர்த்தார்கள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. ஊரார் பெட்டியை எல்லாம் பிரித்துப் பார்த்தவன், சொந்த வீட்டுப் பெட்டியை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இமானுவேலிடமும் அதே கதையை விட்டேன். "எந்த வருஷம் இருக்கும்?" என்று கேட்டார். முழு எண்ணாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணு" என்றேன். "எழுதலாமா?" என்றார். "தாராளமா எழுதுங்க" என்று என் பெயரை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பூமயில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அக்கா ஜுனைதா லாத்தா வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், கணவர் மவுத்தான பிறகு எங்களோடு இருக்கிறாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நான் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது இமானுவேலின் போன் லாத்தாவுக்கு முன்னால் இருந்தது. நான் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "என்னத்தக் கேட்டாரு?" என்றேன். "சும்மா, பழைய சமையலப் பத்தி" என்றாள் லாத்தா. லாத்தாவுக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஐந்து மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. சென்னையில் இருக்கிற ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு எங்கள் கடற்கரை வேண்டுமாம். எங்கள் ஏழு வீடும் அரசாங்க நிலத்தில் பின்னால் வந்து குந்தியவை என்று மனுப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் முதன்முதலில் நிலம் அளந்ததற்கு முன்பே குடியிருந்த குடும்பம் என்று காட்டினால் வீடு எங்களுக்கு. காட்டாவிட்டால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அப்போது வந்த பயம், ஜுபைலில் கம்பெனி மூடிய அன்றுகூட எனக்கு வந்ததில்லை.

விசாரணை அதிகாரியின் பெயர் மதுமதி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், நிதானமான பெண். பழைய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார். எங்கள் தெரு இருக்கிற இடத்தில் ஒரு சின்ன வட்டம், அதன் பக்கத்தில் இரண்டு குடிசை. வட்டத்துக்கு மேலே 'மாடன் கிணறு' என்று எழுதியிருந்தது. எங்கள் கிணற்றை நாங்கள் மாடக்கிணறு என்போம். சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம் இருந்ததால் அந்தப் பெயர் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அப்படி ஒரு மாடத்தை நான் பார்த்ததே இல்லை.

கம்பெனி வக்கீல் எழுந்து ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். ஏதோ சின்னப் பத்திரிகையில் இமானுவேல் எழுதிய கட்டுரை. 'தண்ணீரில் தொடங்கும் உலகங்கள்' என்று தலைப்பு. அதில் என் பெயர், என் கப்பல், என் ஏமன், என் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று. "அம்மா, இந்த வரைபடம் அதுக்கு முப்பது வருஷம் முந்தினது. இவங்க பாட்டனார் நங்கூரம் போட்டு வெட்டின கிணறு அதுக்கு முன்னாடியே இங்க எப்படி இருக்கும்? இது மாடன்கிற வேற யாரோ ஒருத்தருடைய கிணறு. இவங்க பிறகு வந்தவங்க. அவங்களே சொல்லியிருக்காங்க" என்றார்.

பத்திரிகையில் வந்தது தப்பு என்றேன். "நீங்க சொன்னதா, சொல்லாததா?" என்று கேட்டார் மதுமதி. யோசிக்க நேரம் கேட்டேன். இரண்டு வாரம் தவணை கொடுத்தார். போகும்போது அவர் சொன்னது: "அந்த ரெண்டு குடிசை யாருதுன்னு சொல்லுங்க. நீங்க மட்டும் சொன்னா பத்தாது. உங்களுக்கு வேண்டாதவங்க ஒருத்தர் வந்து சொன்னா நல்லது."

வழி முழுக்க இமானுவேலைத் திட்டிக்கொண்டே ராமநாதபுரம் போனேன். எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கம்பெனி ஆளை அனுப்பி, உலகம் எப்படி உண்டாச்சு என்று கேட்கச் சொல்லி, கடைசியில் நான் எப்போது வந்தேன் என்பதை என் வாயாலேயே பிடுங்கியிருக்கிறார்கள். ஆதம் நபியிலிருந்து ஆரம்பித்து என் வீட்டுக்குள் வந்து முடித்த திருட்டுத்தனம்.

அவர் வீட்டில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் சுவர் முழுக்க அந்தக் கட்டம் போட்ட தாள்களும்தான் இருந்தன. நான் கத்தியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, போனை எடுத்து, அன்றைக்கு அதில் பதிவு செய்திருந்த என் குரலைப் போட்டுக் காட்டினார். ஏமன் என்று சொல்லும்போது என் குரலில் இருந்த மிடுக்கு எனக்கே அருவருப்பாக இருந்தது.

"கட்டுரைக்கு அடியில, இது ஒருத்தர் மட்டும் சொன்னது, ஒப்பிட்டுப் பார்க்கலன்னு பொடி எழுத்துல போட்டிருந்தேன். ஜெராக்ஸ் எடுத்தவுக அத விட்டுட்டாக" என்றார்.

"நீங்க கம்பெனி ஆளு இல்லைன்னு நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். இதக் கேளுங்க. உங்க லாத்தா, எழுதக்கூடாதுன்னு சொல்லிச் சொன்னது. யாருகிட்டயும் போட்டுக் காட்டல. இப்ப உங்க வீடே போகுதுங்கிறதால போடுறேன்."

லாத்தாவின் குரல் மெதுவாக வந்தது. "கப்பலும் இல்ல ஒண்ணும் இல்ல சார். அவன் சின்னதுலேர்ந்து இப்படித்தேன் அளப்பான். எங்க பாட்டனாரு இந்த மண்ணுக்காரரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. தண்ணிக்காக ரெண்டு பேத்துக்கும் சண்ட. தம்பி கெணத்துல தவறிட்டாரு. அவரு பேருதேன் மாடன். அண்ணன் மனசு ஒடஞ்சு, கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, இங்கனயே இருந்துட்டாரு. அவரு வழிதேன் நாங்க. இத எங்க வீட்டுப் பொம்பளைக மட்டும் சொல்லிக்குவோம், ஆம்பளைகளுக்குச் சொல்லமாட்டோம். எழுதிராதீக சார். அம்ரீன் நிக்காஹ் முடியட்டும்."

 இமானுவேல் அடுத்ததைப் போட்டார். பூமயிலின் குரல். அன்றைக்கே பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பேசியதாம். "எங்க சாமி கெணத்துல செத்த சாமி. கூடப்பொறந்தவனே தண்ணிக்காகத் தள்ளிவிட்டான். மாடன் பொஞ்சாதி வயித்துப் புள்ளையோட மேக்க ஓடியாந்து பொழச்சா. தள்ளுனவன் தொப்பி போட்டுக்கிட்டு அங்கனயே இருந்துட்டான். கப்பல்ல வந்தாகளாம்ல, கப்பல்ல. எழுதிராதீக, வத்தல் வாங்குற வீடு."

சுவரில் ஒரு தாளைக் காட்டினார். 'சகோதரர்கள்' என்று தலைப்பு. ஹாபில், காபில் பெயருக்கு நேரே எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. "ரெண்டு ஸ்டேஷனும் சொல்லிருச்சு. ஒரு சொல்லுலதேன் பேதம். ஆனா ரெண்டு பேரும் எழுதாதேன்னாக. அதனால எழுதல" என்றார். நான் இதுவரை சந்தேகப்பட்டவர்களில் அந்த மனிதரிடம் மட்டும்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதையும் அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனில்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து லாத்தாவிடம், "எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ எங்க கேட்ட? நீ சொல்லிக்கிட்டேல்ல இருப்ப" என்றாள்.

சுஐபு காக்காவுக்கு விஷயம் தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று பயந்து, கப்பலையே பிடித்துக்கொண்டு வேறு ஏதாவது வழி பார்க்கலாமா என்று யோசித்தேன். அம்ரீன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வீட்ட விட்டுட்டு நாம எந்தக் கப்பல்ல வாப்பா ஏறிப் போறது?" என்றாள். அவளுடைய கல்யாணம் அது. அவளே அப்படிச் சொன்ன பிறகு கப்பலை விட்டுவிட்டேன்.

மறுநாள் பூமயிலின் ஊருக்குப் போனேன். கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டேன்.

"நாப்பது வருஷமா ஒங்க தெருவுக்கு எதுக்கு வாரேன்னு நெனச்சீக பாய்? வத்தல் போட பரமக்குடி சந்தை இல்லையா?" என்றாள். "எனக்கு முந்தி எங்க மாமியா வந்தாக. அந்தக் கெணத்த வீட்டாளு ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாக. பாக்கலாம், அந்தத் தண்ணியக் குடிக்கக்கூடாது. அது எங்களுக்கு மாடன் செத்த தண்ணி."

இவ்வளவு நாள் அவளைப் பற்றி நான் நினைத்ததை எல்லாம் நினைத்துக் கூசிப்போனேன்.

"அங்கன வந்து நான் என்ன சொல்லணும்?"

"ரெண்டு பேரும் ஒரு வயித்துப் புள்ளைகன்னு சொன்னாப் போதும்க்கா."

"நீங்க என்ன சொல்லுவீக?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அங்கன இருந்தாக. சண்ட வந்துச்சு. தம்பி கெணத்துல தவறிட்டாரு..."

அவள் கையில் இருந்த வத்தலைக் கீழே போட்டாள். "தவறிட்டாரா?"

எங்கள் பக்கம் ஒருவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாலும் தவறிட்டாரு என்போம். கால் வழுக்கினாலும் அதே சொல்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் ஐந்தாறு தலைமுறையாக அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. எனக்கு அதைக் கேட்ட நிமிஷத்திலேயே பிடித்துப்போயிருந்தது.

"தள்ளுனாருன்னு சொல்லுங்க. நான் வாரேன்" என்றாள் பூமயில்.

சரி என்றுதான் வந்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே என் மூளை வேலையைத் தொடங்கிவிட்டது. இவள் ஏன் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு அடம் பிடிக்கிறாள்? கொன்றுவிட்டுப் பிடுங்கிய கிணறு என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டால், செத்தவன் வாரிசுக்குத்தானே கிணறும் மண்ணும்? அவளுக்கு இரண்டு மகன்கள். ஒருவன் திருப்பூரில் வக்கீலிடம் குமாஸ்தா. கம்பெனியிடமிருந்து தப்பி இவளிடம் மாட்டப்போகிறோமா? லாத்தாவிடம் சொன்னேன். "கேட்டா என்ன, அவுகளுக்கும் உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

விசாரணை அன்று எல்லோரும் வந்துவிட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள், கம்பெனி வக்கீல், பின் வரிசையில் இமானுவேல். யாரும் கூப்பிடாமலேயே சுஐபு காக்கா கீழக்கரையிலிருந்து காரில் வந்து, நமக்குப் பக்கபலம் என்று எனக்கு அருகில் உட்கார்ந்தார். பத்திரிகையில் வந்த என் கப்பல் கதையைப் பத்துப் பிரதி வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்தாராம்.

நான் எழுந்து நின்றேன். கப்பல் இல்லை என்றேன். வருஷத்தை நானாகச் சொன்னேன் என்றேன். வரைபடத்தில் இருக்கிற இரண்டு குடிசையும் அண்ணன் தம்பியுடையவை, அண்ணன் வழி நாங்கள், தம்பியின் பெயர்தான் கிணற்றுக்கு என்றேன். சுஐபு காக்கா பக்கம் நான் திரும்பவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "தம்பி என்ன ஆனார்?" என்று கேட்டார் மதுமதி. "கெணத்துல தவறிட்டாருங்க" என்றேன். அந்தச் சொல் தானாக வாயில் வந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பூமயில் அப்போது வெளியே வராந்தாவில் இருந்தாள். சாட்சியைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், மாடன் வழி நாங்கள், அண்ணன் வழி இவர்கள், அந்தக் கிணற்றடிதான் இரண்டு பேருக்கும் பூர்வீகம் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். எப்படிச் செத்தார் என்று அவளை யாரும் கேட்கவில்லை. வக்கீல் நாலு கேள்வி குறுக்கே கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வரைபடமும் இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகின்றன, கம்பெனி மனு நிற்பது கஷ்டம் என்று மதுமதி சொன்னார். எங்கள் தெருக்காரர் ஒருவர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். எழுத்தர் எல்லாவற்றையும் ஒரே வாக்குமூலமாக அடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை நீட்டினார்.

"டாக்டர் எழுத்தப் பாக்கக்கூடாதுன்னுருக்காரு. நீங்க வாசிங்க பாய்" என்றாள் பூமயில்.

வாசித்தேன். மூன்றாவது பத்தியில் இருந்தது: 'மேற்படி மாடன் என்பவர் கிணற்றில் தவறி விழுந்து இறந்துவிட்டார்.' அதற்கு முந்தைய வரியில் நின்றுவிட்டேன். வாயால் 'தள்ளப்பட்டு' என்று வாசித்தால் போதும். கறுப்புக் கண்ணாடிக்குள் இருக்கிற அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவள் கையெழுத்துப் போடுவாள், ஏழு வீடும் தப்பும், மாடன் வாரிசு என்று யாரும் கேட்டு வரவும் முடியாது. மற்றவர்கள் எல்லாம் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று இத்தனை வருஷம் காவல் காத்தேன். அந்த அறையில் ஏமாற்றத் தயாராக நின்றவன் நான் ஒருவன்தான். என் பாட்டனாரின் கை எப்படி நீண்டிருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"மேடம், ஒரு சொல்ல மாத்தணும்" என்றேன். "தவறி விழுந்துன்னு இருக்கு. அண்ணன் தள்ளிவிட்டுன்னு போடுங்க."

மதுமதி நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல தவறிட்டார்னுதானே சொன்னீங்க?"

"அப்ப ஒளிச்சுட்டேன்."

"இது உங்களுக்கு அவசியமே இல்லை. யோசிச்சுக்குங்க. இப்படி எழுதினா, நாளைக்கு இவங்க வீட்டுல யாராவது கிணறு எங்களுதுன்னு கேஸ் போடலாம்."

"தெரியும்மா. எங்க பாட்டனாரு தள்ளுனாரு. அப்படியே எழுதுங்க."

சுஐபு காக்கா எழுந்து, செருப்புச் சத்தம் கேட்க நடந்து வெளியே போனார். கார் கதவைச் சாத்துவது கேட்டது. என் மகளின் சம்பந்தமும் அதோடு போனது என்று நினைத்துக்கொண்டேன். எழுத்தர் திருத்தி வேறு தாளை எடுத்துக் கொடுத்தார். முதலிலிருந்து வாசித்தேன்.

"அந்த வரிய மட்டும் இன்னொருக்கா" என்றாள் பூமயில்.

"மேற்படி மாடன் என்பவரை அவருடைய அண்ணன் கிணற்றில் தள்ளிவிட்டதில் இறந்துவிட்டார்."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டாள். "அதுக்குக் கீழ இதையும் எழுதிக்கங்கம்மா. கெணறும் மண்ணும் அவுகளுக்குத்தேன். என் மக்க யாரும் கேட்டு வரமாட்டாக. எங்களுக்கு இந்தச் சொல்லு போதும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பூமயில் சத்தம் வந்த பக்கமாகத் திரும்பினாள்.

"இந்தத் தாள்ல ஒண்ணு எனக்கும் வேணும் பாய். ஊருக்குக் கொண்டுபோயி மாடன் சாமி முன்னால வச்சு வாசிக்கணும்."

"யாருக்கா வாசிப்பா?"

"நீங்கதேன் வந்து வாசிக்கணும். கும்பிட வேணாம். வாசிச்சாப் போதும்."

"வாரேன்க்கா" என்றேன்.